மங்கிய செயினை வீட்டுக்கு வரும் பாலிஷ்காரரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: குழித்துறையில் இருக்கிறோம். இரண்டு மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். கழுத்தில் எப்போதும் கிடக்கும் என் அஞ்சு பவுன் செயின் மங்கிப்போய்விட்டது. மாமியார் தந்த வடசேரிக் கெம்பு (சிவப்புக் கல்) அட்டிகை ஒன்றும் இருக்கிறது, அதன் ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து வீட்டு வாசலிலேயே பாலிஷ் போட்டுத் தருகிறார். நூறு ரூபாய்தான். பக்கத்து வீட்டுக் கொலுசைப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டார். கொடுக்கலாமா? வீட்டிலேயே செய்ய வழி உண்டா?

பதில்: கொடுக்காதீர்கள். பைக்குக்கு பெட்ரோல் போட்டு, மருந்து வாங்கி, அரை மணி நேரம் உங்கள் வாசலில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு நூறு ரூபாய் எப்படிக் கட்டுப்படியாகும்? மீதிக் கூலி உங்கள் செயினிலிருந்துதான் போகிறது. அவர் எந்தப் பக்கத்து ஆள் என்பது விஷயமில்லை. இந்தப் பக்கத்திலும் இதே தொழில் நடக்கிறது.

முதலில் பித்தளை விளக்கைத் தேய்த்துக் காட்டுவார்கள், அடுத்தது கொலுசு. இரண்டும் நிஜமாகவே பளபளக்கும், அதில் ஏமாற்று இல்லை. நம்பிக்கை வந்ததும் செயினைக் கேட்பார்கள். அவர்கள் கொண்டுவரும் திராவகம் உப்பு அமிலம் மூன்று பங்கும் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் கலந்தது. ராஜ திராவகம் என்பார்கள். தனித்தனியாக இருந்தால் இரண்டு அமிலமும் தங்கத்தை ஒன்றும் செய்யாது, சேர்ந்தால் கரைத்துவிடும். செயினை அதில் முக்கி எடுத்தால் மேல்தோல் உரிந்து பளிச்சென்று வரும். கரைந்த தங்கம் பாத்திரத்தில் இருக்கும், பாத்திரம் அவரோடு போகும். சிலர் மஞ்சள்தூள் தண்ணீரில் செயினைப் போட்டு மூடிவைத்து, "சூடு ஆறின பிறகு திறங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டியிருப்பார்.

நான் வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்தபோது ஒரு அம்மா அதே செயினை இரண்டாம் முறை அடகு வைக்க வந்தார். பழைய லெட்ஜரில் 40 கிராம், என் தராசில் 34. "நான் அறுக்கவே இல்லையே சார்" என்று அழுதார். அறுக்கத்தான் இல்லை, பாலிஷ் போட்டிருந்தார். புகார் கொடுக்கப் போன இடத்தில், ஆள் அந்தப் பக்கம் போய்விட்டான், அங்கே போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பினார்கள். அங்கே போனால், சம்பவம் உங்கள் ஊரில்தானே நடந்தது என்றார்கள். இப்போது 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, எந்த ஸ்டேஷனிலும் எல்லையைக் காரணம் காட்டாமல் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். தாளில் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் எதற்கும் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, கடையில் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் 'இலவச பாலிஷ்' போர்டைப் பார்த்து அல்ல. பஃப் மெஷின் தங்கத்தின் மேல்பரப்பைத் தேய்த்துத்தான் மெருகேற்றுகிறது. அந்தத் தூசியைக் கூட்டி வைத்து உருக்குகிற தொழில் இது. பட்டறையில் குப்பைக்கே விலை உண்டு. அதனால் வருஷா வருஷம் மெஷினில் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் உங்கள் கண் முன்னால் முன்னும் பின்னும் எடை போட்டு, இரண்டையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். முகம் சுளித்தால் செயினைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

இன்னொரு வலையும் அங்கே விரித்திருப்பார்கள். "இது ஹால்மார்க் இல்லாத பழைய நகை, இனி செல்லாது, மாற்றிக்கொள்ளுங்கள்" என்பார்கள். பொய். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறெழுத்து அடையாள எண் இல்லாமல் ஹால்மார்க் நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது என்பதுதான் விதி. அது கடைக்குப் போட்ட கட்டு, உங்கள் பெட்டியில் இருக்கும் நகைக்கு அல்ல. மாற்றினால் பழசுக்கு ஒரு கழிவு, புதுசுக்கு இங்கே சேதாரம் செய்கூலி, அந்தப் பக்கம் போனால் பணிக்கூலி. பெயர்தான் வேறு, காசு ஒன்றுதான். மாற்று, அதாவது தங்கத்தின் தரம், குறைவு என்று யாராவது மிரட்டினால் ஹால்மார்க் மையத்தில் நீங்களே நேரில் கொடுத்துச் சோதிக்கலாம். நாலு நகை வரை 200 ரூபாய்தான் கட்டணம். இதை எந்தக் கடையிலும் எழுதி ஒட்டமாட்டார்கள்.

இனி உங்கள் செயின். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். வேர்வை பட்டுக் கறுப்பது அந்த மீதிதான். அதோடு எண்ணெய், சோப்புப் பிசுக்கு, பவுடர் எல்லாம் கண்ணிகளுக்குள் அடைந்திருக்கும். இதனால் தங்கம் ஒரு மில்லிகூடக் குறையாது. பூந்திக்கொட்டை நாலைந்தை விதை நீக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கி, அந்த நுரையில் செயினைக் கால் மணி நேரம் போடுங்கள். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, வேறு கிண்ணத்தில் அலசி, பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். வாஷ்பேசினில் அலச வேண்டாம், கொக்கி நழுவினால் அவ்வளவுதான். பற்பசை, சபீனா, பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். முதல் இரண்டும் கீறல் போடும். பிளீச்சிங் பவுடரிலுள்ள குளோரின், கண்ணிகளைப் பற்றாசு வைத்து ஒட்டிய இடத்தை அரிக்கும்.

ஆனால் அட்டிகைக்கு இதில் எதுவுமே ஆகாது. திரும்பச் சொல்கிறேன்: பூந்திக்கொட்டையும் வேண்டாம், வெறும் தண்ணீரும் வேண்டாம். வடசேரி வேலை என்றால் வெள்ளியில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, அதன் மேல் கெம்பு பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) அழுத்தியது. தண்ணீர் ஊறினால் கல்லுக்குக் கீழே இறங்கும். வெளியே காய்ந்துவிடும், உள்ளே காயாது. கல் ஒளி இழந்து இருண்டு போகும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சூடு பட்டால் அரக்கு இளகிக் கல் சாயும். ஈரம் போகட்டும் என்று வெயிலில் வைத்தும், காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தும் கெடுத்த ஆட்களை எனக்குத் தெரியும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். போட்டுக் கழற்றியதும் பின்பக்கத்து வேர்வையைக் காய்ந்த மல்துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் விடுங்கள். சென்ட்டெல்லாம் அடித்து முடித்த பிறகு கடைசியாக அட்டிகையைப் பூட்டுங்கள்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் அடிக்கிற ஊர் நம்முடையது. வெல்வெட் பெட்டி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அட்டிகையைப் பருத்தித் துணியில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ரப்பர் பேண்ட் போட வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

ஓரத்துப் பச்சை, வெள்ளியோடு கலந்த செம்பு ஈரத்தில் களிம்பேறியது. எலுமிச்சை வைத்துத் தேய்க்காதீர்கள். வடசேரியில் இதே வேலை செய்கிற ஆசாரிமார் இன்னும் இருக்கிறார்கள். நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை அது. நகைக்கடைக்காரர் "வெறும் வெள்ளியும் அரக்கும்தானே, எடைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்பார், கொடுத்துவிடாதீர்கள். வங்கியில் வைத்தால் கல், அரக்கு எடையெல்லாம் கழித்து ஒன்றும் தேறாது என்பார்கள். நானே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன், விதி அது. ஒவ்வொரு கல்லும் தெரிகிற மாதிரி முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, கற்களை எண்ணிச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு ஆசாரியிடம் கொடுங்கள். இந்த வாரமே போங்கள். முகூர்த்த மாதம் தொடங்கிவிட்டால் அவர்களுக்குக் கை ஒழியாது.