பெயர் சொல்லாத கலகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலக இலக்கியத் தாளுக்காக போலந்து இலக்கிய வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். 1864க்குப் பிந்தைய கால் நூற்றாண்டைப் பாசிட்டிவிசக் காலம் என்றும், 1890 முதல் 1918 வரையிலானதை ‘இளம் போலந்து’ அல்லது நவகற்பனாவாதக் காலம் என்றும் பாடநூல் பிரிக்கிறது. முன்னவர்கள் கல்வி, தொழில், சுகாதாரம் என்று பிரச்சாரம் செய்தார்களாம். பின்னவர்கள் அதை உதறிவிட்டுக் கலையை மீட்டார்களாம். அப்படியானால் முதல் காலத்தைத் தாண்டி நேராக இரண்டாவதற்குப் போய்விடலாமா?

கே.

அன்புள்ள கே.,

தாண்ட வேண்டாம். தாண்டினால் இரண்டாம் காலத்தின் படைப்புகளில் பாதி பிடிபடாது.

உங்கள் பாடநூல் கொள்கை அறிக்கைகளை வைத்துப் பிரிக்கிறது. அறிக்கைகளில் சண்டை இருந்தது உண்மைதான். 1871இல் வார்சாவில் பாசிட்டிவிசத் தரப்பின் ஷ்வியென்தோஹோவ்ஸ்கி ‘நாங்களும் நீங்களும்’ என்று கட்டுரை எழுதி மூத்த தலைமுறையுடன் கணக்குத் தீர்த்தார். 1899இல் கிராக்கவில் இளம் போலந்துத் தரப்பின் பிஷிபிஷெவ்ஸ்கி, கலைக்குக் கலையைத் தவிர வேறு நோக்கமே கிடையாது என்று அறிவித்தார். ஆனால் கதைகளுக்குள் போய்ப் பாருங்கள். இரு தலைமுறையும் ஒரே துக்கத்தைத்தான் சுமக்கின்றன.

அந்தத் துக்கத்தின் ஆண்டு 1863. சுதந்திர நாடாக போலந்து 1795லேயே இல்லாமல் போய்விட்டது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. 1863 ஜனவரியில் ரஷ்யப் பகுதியில் வெடித்த கலகம் மறு ஆண்டே நசுக்கப்பட்டது. தூக்கு, சைபீரியா, சொத்துப் பறிமுதல், பள்ளிகளில் ரஷ்ய மொழி. இனி ஆயுதம் வேண்டாம், பள்ளியும் தொழிலும் மருத்துவமும் கட்டுவோம் என்று ஒரு தலைமுறை முடிவெடுத்தது இந்தப் பின்னணியில்தான்.

அப்படிச் சொன்னவர்கள் யார்? பொலெஸ்வாவ் ப்ரூஸ் 15 வயதில் அந்தக் கலகத்தில் சேர்ந்தவர். 16 வயது நிறைந்த சில நாட்களில் போரில் காயம்பட்டுப் பிடிபட்டார். பிறகு லூப்லின் கோட்டையில் சிறையிருந்தார். எலிசா ஓஷெஷ்கோவா, கலகத்தின் கடைசித் தலைவரான த்ராவுகுட்டைத் தன் வீட்டில் ஒளித்துவைத்துத் தன் வண்டியிலேயே எல்லைவரை கொண்டுபோய் விட்டவர். த்ராவுகுட் 1864 ஆகஸ்டில் வார்சாவில் தூக்கிலிடப்பட்டார். இவர்களைப் ‘பயன்வாதப் பிரச்சாரகர்கள்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எனக்குத் தாங்கமுடியாத அநீதியாகப் படுகிறது.

பிரச்சாரமே இல்லை என்று சொல்லவில்லை. ஓஷெஷ்கோவாவின் ஆரம்ப நாவல்களில் நிறையவே உண்டு. ஆனால் 1888இல் நூலாக வந்த அவரது ‘நேமன் நதிக்கரையில்’ நாவலின் நடுவே, காட்டுக்குள் ஒரு கூட்டுக் கல்லறை இருக்கிறது. ஜமீன் வீட்டுப் பிள்ளையும் சிறு உழவனும் அதில் ஒன்றாகக் கிடக்கிறார்கள். எப்படி இறந்தார்கள் என்பதை ரஷ்யத் தணிக்கையின் கீழ் வெளிப்படையாக எழுத முடியாது. போலந்து வாசகருக்கு அதை எழுதிக்காட்ட வேண்டிய தேவையும் இல்லை.

ப்ரூஸின் ‘பொம்மை’ நாவலில் இதே உத்தி இன்னும் கூர்மையானது. நாயகன் வோகுல்ஸ்கியின் கடந்த காலத்தை முதல் அத்தியாயத்தில் உணவகத்தில் உட்கார்ந்து சிலர் பேசுகிறார்கள். அவன் மற்றவர்களோடு சேர்ந்து பீர் காய்ச்சினானாம். அதைத்தான் இன்றுவரை எல்லோரும் குடித்துக்கொண்டிருக்கிறார்களாம். முடிவில் அவன் இர்குட்ஸ்க் பக்கம் போய் நின்றானாம். அவ்வளவுதான். கலகம், தோல்வி, சைபீரிய நாடுகடத்தல் மூன்றும் அதற்குள் அடக்கம்.

ப்ரூஸை 1882இல் வந்த ‘வெயிஸ்ட்கோட்’ சிறுகதையில் தொடங்குங்கள். காசநோயில் உருகும் ஒரு சிறு குமாஸ்தா, அவன் இளம் மனைவி. அவன் இளைக்க இளைக்க வெயிஸ்ட்கோட் தொளதொளக்கிறது. மனைவி கவலைப்படக் கூடாது என்று அவன் தினமும் பின்பட்டியின் பக்கிளை ரகசியமாக நகர்த்தி இறுக்குகிறான். ஒருநாள், உண்மையிலேயே உடம்பு தேறிவிட்டது, கோட்டு பிடிக்கிறது என்று மகிழ்ந்து, இதுவரை ஏமாற்றி வந்ததை மனைவியிடம் ஒப்புக்கொள்கிறான். அவனுக்குத் தெரியாதது ஒன்று: அவனைத் தேற்றுவதற்காக அவளும் பட்டியை வெட்டிக் குறுக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். அவன் இறந்தபின் விலைக்குப் போன அந்தக் கோட்டில் கதைசொல்லி இரண்டு தடயங்களையும் பார்க்கிறான். இதில் எந்தச் சீர்திருத்தப் பாடம் இருக்கிறது?

இரு காலங்களுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி ஊர் சார்ந்தது என்பேன். பாசிட்டிவிசத்தின் ஊர் வார்சா, ரஷ்யத் தணிக்கையின் பிடியில் இருந்தது. இளம் போலந்தின் ஊர் கிராக்கவ், ஆஸ்திரியாவின் கீழ் தன்னாட்சி பெற்ற கலீசியாவில் இருந்தது. அங்கே வாய் திறக்க முடிந்தது. கலகம் முடிந்த ஆண்டில் பிறந்த ஸ்டெஃபான் ஜெரோம்ஸ்கி, 1895இல் கிராக்கவில் புனைபெயரில் ஒரு கதை வெளியிட்டார். ஆயுதம் ஏற்றிச் செல்லும் கடைசிக் கலகக்காரன் ஒருவனை ரஷ்ய வீரர்கள் கொல்கிறார்கள். பிறகு ஓர் ஏழைக் குடியானவன் வந்து பிணத்தின் உடைகளையும் செத்த குதிரைகளின் தோலையும் உரித்துக்கொண்டு போகிறான். யாருடைய விடுதலைக்காக என்று சொல்லிக்கொண்டு போரிட்டார்களோ, அவனுக்கு அது எட்டவே இல்லை. ப்ரூஸின் தலைமுறை வார்சாவில் அடக்கிவைத்த கேள்விக்கு இங்கே வாய் வந்துவிட்டது.

1901இல் மேடையேறிய விஸ்பியான்ஸ்கியின் ‘திருமணம்’ நாடகமும் இந்தக் கேள்விதான். கவிஞர் ரிதெல் 1900 நவம்பரில் கிராக்கவ் அருகே ப்ரோனோவிட்செ கிராமத்துக் குடியானவப் பெண்ணை மணந்தார். நான்கே மாதத்தில் அந்தக் கல்யாண வீடு மேடையில் நின்றது. நாங்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டோம் என்கிறான் மணமகன். அவன் பாட்டனை அறுத்துக் கொன்றவர்கள் குடியானவர்கள். இரவில் ரத்தக் கறையோடு குடியானவத் தலைவன் ஷேலாவின் ஆவி வந்து கைகழுவத் தண்ணீர் கேட்கிறது. கலகத்துக்கு அழைக்கும் பொன் கொம்பை யாஷெக் என்ற இளைஞனிடம் கொடுத்தனுப்புகிறார்கள். மயிலிறகுத் தொப்பி கீழே விழ, அதை எடுக்கக் குனிந்த இடத்தில் கொம்பைத் தொலைத்துவிடுகிறான். குளிருக்காக வைக்கோல் சுற்றிய ரோஜாச் செடி உயிர்பெற்று வாசிக்க, எல்லோரும் தூக்கத்தில் போல ஆடுகிறார்கள்.

ஜெரோம்ஸ்கியின் ‘வீடற்றவர்கள்’ நாவலின் மருத்துவர் யூதிம் செய்யும் வேலை பாசிட்டிவிசத்தினுடையது, ஏழைகளின் சுகாதாரம். அதற்காகக் காதலைத் துறக்கும் வெறி கற்பனாவாதத்தினுடையது. அவரை எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்?

இந்தக் காலத்து எழுத்தாளர்களில் நோபல் பெற்ற இருவரில், 1924இல் பரிசு பெற்ற ரெய்மோன்டின் ‘குடியானவர்கள்’ நாவலைத் தவறவிடாதீர்கள். 1905இல் பெற்ற ஷென்கியேவிச்சைப் பிறகு படிக்கலாம். அவர் தோற்ற மக்களுக்கு வீரக் கதைகளால் ஆறுதல் தந்தார், எனக்கு ப்ரூஸ்தான் பெரியவர்.

‘திருமண’த்தைக் கடைசியாக எடுங்கள், ஆவிகள் யார் யார் என்ற குறிப்புகளுள்ள பதிப்பாகப் பார்த்து. ஷேலா, 1846இல் கலீசியாவில் பண்ணை வீடுகளைத் தாக்கிய குடியானவர்களின் தலைவன். அது தெரியாமல் படித்தால் அவன் கேட்கும் தண்ணீர் வெறும் தண்ணீராகவே தோன்றும்.