எண்ணெய்ச் சட்டியும் சுமத்ரா காற்றும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பனிக்கட்டியைச் சூடாக்கினால் அதன் ஒழுங்கு குலைந்து நீராகிறது. ஆற்றல் கூடினால் கட்டமைப்பு கெடும் என்றுதான் பள்ளியில் படித்தோம். நீங்களோ சென்ற மாதம், சிங்கப்பூரில் விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா காற்றும் ஒரு கட்டமைப்பு, அது ஆற்றலால்தான் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எது சரி? நிலையின்மை என்றாலே கேடுதானே? மனித வாழ்க்கைக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ச., ஈசூன்

அன்புள்ள ச.,

இரண்டும் சரிதான். கட்டமைப்பு என்ற ஒரே சொல்லை இரண்டு சங்கதிகளுக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம், குழப்பம் அங்கேதான். உப்புக்கல் ஒரு வகை. ஆற்றலை வெளியே விட்டுவிட்டு அடங்கி உட்கார்ந்த அமைப்பு அது. டப்பாவில் போட்டு மூடிவிட்டால் (நம்மூர் ஈரத்துக்கு மூடியைக் கொஞ்சம் இறுக்கித்தான் மூட வேண்டும்) பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். விளக்குச் சுடர், கழுவுதொட்டியில் தண்ணீர் இறங்கும்போது வரும் சுழல் இதெல்லாம் இன்னொரு வகை. உள்ளே ஏதோ ஒன்று வந்துகொண்டும் வெளியே போய்க்கொண்டும் இருக்கிற வரைதான் உருவம் இருக்கும். இந்த இரண்டாவது வகையைப் பற்றிய ஆய்வுக்காகத்தான் அறிவியலாளர் இலியா பிரிகோஜினுக்கு 1977ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

போன சனிக்கிழமை மீன் பொரிக்கத் தட்டையான சட்டியில் கொஞ்சமாக எண்ணெய் விட்டேன். முதலில் சும்மா கிடந்தது. சூடு ஏற ஏற, அடியில் கிடந்த மஞ்சள்தூள் கோடு கோடாக ஒதுங்கி, தேன்கூடு மாதிரி கட்டங்கள் தெரிந்தன, கொஞ்சம் கோணல்மாணலாக. கரண்டியால் கலைத்தேன். சில நொடிகளில் திரும்ப வந்துவிட்டது. மறுபடி கலைத்தேன், மறுபடி வந்தது. மீன் காத்துக்கொண்டிருந்தது.

இதையேதான் 1900ல் பிரான்சில் ஆன்ரி பெனார் கவனமாகச் செய்து பார்த்தார், திமிங்கலத் தலையிலிருந்து எடுக்கும் மெழுகை உருக்கி, மெல்லிய படலமாக ஊற்றி. 1916ல் இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி பிரபு கணக்குப் போட்டார். கீழே சூடான திரவம் லேசாகி மேலே வரப் பார்க்கும். திரவத்தின் பிசுபிசுப்பு அதைப் பிடித்து இழுக்கும், சூடும் பக்கத்தில் கசிந்து ஓடிவிடும். இந்த இழுபறியை ஒரே எண்ணாகச் சொல்லலாம். மேலும் கீழும் தட்டு வைத்து மூடிய திரவத்துக்கு அந்த எண் 1,708ஐத் தாண்டினால் ஓட்டம் ஆரம்பிக்கும். அதில் ஒரு வேடிக்கை: ரேலியின் கணக்கு சரி, ஆனால் பெனாரின் மெழுகுக்கு அது பொருந்தாது என்று 1950களில் தெரிந்தது. அவ்வளவு மெல்லிய படலத்தில் வேலை செய்வது மேற்பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேல்தோலை விறைப்பாகப் பிடித்திருக்கும் விசை. சூடான இடத்தில் அது குறைவு, சுற்றியுள்ள குளிர்ந்த பரப்பு மேல்தோலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து சூடான திரவம் ஏறுகிறது. என் மீன் சட்டியிலும் பெரும்பாலும் இதுதான்.

நிலையின்மை என்பதற்கு இங்கே பொருள் என்ன என்று பாருங்கள். எல்லைக்குக் கீழே, திரவத்தில் எந்தச் சிறு அசைவு வந்தாலும் அடங்கிவிடும். எல்லையைத் தாண்டியபின் அதே அசைவு வளரும். அவ்வளவுதான். சிதைவது பழைய அசைவற்ற நிலை மட்டும். அதற்குப் பதில் வந்த கட்டங்கள் எவ்வளவு உறுதி என்பதைக் கரண்டி சொல்லிவிட்டதே.

அப்புறம், தொடங்கிவைக்கும் சிறு அசைவையும் ஓட்டும் ஆற்றலையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை வழவழப்பான கண்ணாடிக் கோப்பையில் தண்ணீரை மைக்ரோவேவில் அதிக நேரம் வைத்துவிட்டேன். குமிழ் எதுவும் இல்லை, கொதிக்கவில்லை என்று நம்பித் தேயிலைப் பொட்டலத்தைப் போட்டதும் குபீரென்று பொங்கிக் கையில் கொட்டியது. குமிழ் பிறக்கப் பிடிமானம் இல்லாததால் கொதிநிலையைத் தாண்டியும் சும்மா இருந்த தண்ணீர் அது. பொட்டலம் பிடிமானம் கொடுத்தது, சூட்டைக் கொடுக்கவில்லை.

ஆற்றல் மட்டும் இருந்தாலும் போதாது. நம்மைச் சுற்றியுள்ள கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பாகத்தான் கிடக்கிறது, ஆனால் சிங்கப்பூருக்கு வழக்கமாகப் புயல் வருவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் பூமியின் சுழற்சி காற்றைத் திருப்புவது மிகக் குறைவு. அதனால் 5 பாகைக்குள் புயல் உருவாகாது என்றுதான் பொதுவாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் 2001 டிசம்பர் 27 அன்று, வாமெய் புயல் சுமார் 1.4 பாகை வடக்கில், நமக்கு வெகு அருகே உருவாகி ஜொகூரில் கரையேறியது. வடக்கிலிருந்து இறங்கிய பலத்த பருவக்காற்று தென்சீனக் கடலின் குறுகலான தெற்கு முனையில் போர்னியோ ஓரத்துச் சுழலோடு சேர்ந்து, பூமி கொடுக்காத சுழற்சியைக் கொடுத்துவிட்டது. அந்த வாரம் மட்டும் கடல் திடீரென்று அதிகமாகச் சூடாகிவிட்டதாலோ என்று தேட வேண்டியதில்லை.

சுமத்ரா காற்று இதைவிட எளியது. இரவில் சுமத்ரா பக்கமோ மலாக்கா நீரிணையிலோ பிறந்து, விடியும் நேரத்தில் நம்மை எட்டும். எங்கள் புளோக் தாழ்வாரத்தில் நின்றால் முதலில் சில்லென்ற காற்று கன்னத்தில் அறையும், காயப்போட்ட துணி மூங்கிலோடு ஆடும், மழை அப்புறம்தான். மழைத்துளிகளில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கிறது. அந்தக் கனத்த குளிர்காற்று கீழே விழுந்து முன்னால் பரவி, ஆப்பு மாதிரி நுழைந்து எதிரே உள்ள ஈரக் காற்றை மேலே தூக்குகிறது. அது மேலே போய்க் குளிர்ந்து மேகமாகிறது. ஒரு கிலோ நீராவி நீரானால் சுமார் 2,500 கிலோஜூல் வெளிப்படும். 30 டிகிரித் தண்ணீர் எட்டு லிட்டரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர அது போதும். அந்த வெப்பம் மேகத்தை இன்னும் மேலே ஏற்றுகிறது, மழை பெய்கிறது, மறுபடி குளிர்காற்று. மேகங்கள் மாறிக்கொண்டே இருக்கும், வரிசை மட்டும் கிழக்கே நகரும். முன்னால் ஈரக் காற்று தீர்ந்தால் வரிசையும் தீர்ந்தது.

மனித வாழ்க்கைக்கு இது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். குடும்பத்துக்கும் அலுவலகத்துக்கும் பிசுபிசுப்பை யாரும் அளந்து வைத்திருந்தால் சொல்லுங்கள், கணக்குப் போடலாம். அதுவரை நான் அந்தப் பக்கம் வரவில்லை.

சட்டியைச் செய்து பாருங்கள். தட்டையான சட்டி, இரண்டு மில்லிமீட்டர் எண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், சின்னத் தீ. புகை வருமுன் அடுப்பை அணைத்துவிடுங்கள், அணைத்தபின் கட்டங்கள் எப்படி மறைகின்றன என்று எழுதுங்கள்.

அன்புடன்