எதைக் கொடுத்தீர்கள்? ஆன்லைன் மோசடி பற்றி பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (அல்சூர்): "இன்று இரவு 9.30-க்கு கரன்ட் கட்" என்று பெஸ்காம் (பெங்களூரு மின்விநியோக நிறுவனம்) பேரில் மெசேஜ் வந்தது. அதிலிருந்த நம்பருக்குப் பேசினேன். ஓர் ஆப் போடச் சொல்லி, பத்து ரூபாய் கட்டச் சொன்னார்கள். கார்டு நம்பர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் 48,000 ரூபாய் போய்விட்டது. என்ன செய்வது?

பதில்: அம்மா, இதைப் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம். அந்த போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணையுங்கள். நீங்கள் போட்டது திரையைப் பகிரும் ஆப்; நீங்கள் தட்டுவதெல்லாம் மோசடிக்காரனுக்கும் தெரியும். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். வங்கியின் பெயர், கணக்கு அல்லது கார்டு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேசினால் தடுமாற்றம் இருக்காது. (யுபிஐ என்றால் பரிவர்த்தனை எண் 12 இலக்கம்.) பதிவானதும் ஒப்புகை எண் தருவார்கள். அதை வைத்து சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு புகாரை முழுமையாக்குங்கள். அதே நேரத்தில் வீட்டில் இன்னொருவர் வங்கிக்குப் பேசி கார்டு, யுபிஐ, நெட்பேங்கிங் மூன்றையும் முடக்கட்டும். வங்கியின் எண்ணைக் கார்டின் பின்பக்கத்தில் பாருங்கள், கூகுளில் தேட வேண்டாம். தேடினால் முதலில் வந்து நிற்பதே மோசடி நம்பராக இருப்பதுண்டு.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. முதல் கணக்கிலிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியே போய்விடும். 1930-இல் பதிவாகும் புகார் அந்தந்த வங்கிகளுக்குப் போய், பணம் எந்தக் கணக்கில் இன்னும் மிச்சமிருக்கிறதோ அங்கே நிறுத்திவைக்கப்படும். எடுத்தது எடுத்ததுதான். அதனால் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிப்பதற்கு முன் 1930. அதன் பிறகு உங்கள் பகுதிக்கான சென் (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கான) காவல் நிலையம்.

பெஸ்காம் பில்லில் சந்தேகம் வந்தால் 1912-இல் கேளுங்கள். பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வரும் கரன்ட் கட் மிரட்டலை நம்பவே வேண்டாம்.

கேள்வி (கே.ஆர்.புரம்): ஓடிபியை நானே சொல்லிவிட்டேன். வங்கி பணத்தைத் திருப்பித் தருமா?

பதில்: 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியைப் பாருங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்து, தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் உங்கள் தலையில் விழுவது அதிகபட்சம் 10,000 ரூபாய். ஓடிபியை நீங்களே சொன்னது கவனக்குறைவுக் கணக்கில் வரும். புகார் சொல்லும் வரை போனது உங்கள் பொறுப்பு, சொன்ன பிறகு போனது வங்கியின் பொறுப்பு. எனவே நீங்கள் புகார் சொன்ன நேரம்தான் இங்கே ஆதாரம். போனில் சொன்னாலும் விடாமல் மெயிலும் அனுப்பிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் தவறுதான் என்று நிரூபிக்கும் சுமை வங்கிக்கு உண்டு என்பதையும் அந்த மெயிலில் குறிப்பிடலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.

கேள்வி (ஜாலஹள்ளி): லிங்க்கைத் தொட்டேன், உள்ளே எதுவும் டைப் செய்யவில்லை. ஆபத்தா?

பதில்: பெரும்பாலும் இல்லை. டவுன்லோட்ஸ் போல்டரில் புதிதாக ஏதாவது இறங்கியிருந்தால் திறக்காமல் அழியுங்கள். பிரவுசரில் அந்தத் தளத்துக்கு நோட்டிபிகேஷன் அனுமதி கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி (லிங்கராஜபுரம்): டிராபிக் சலான் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே பைலை (ஆண்ட்ராய்டு ஆப்பை நேரடியாக நிறுவும் பைல்) அப்பா இன்ஸ்டால் செய்துவிட்டார். ஐகானையே காணோம். ஆனால் அவர் நம்பரிலிருந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அதே பைல் போகிறது.

பதில்: தம்பி, இவற்றில் மோசமான ரகம் இதுதான். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை ஒருமுறை வாங்கிவிட்டால், வருகிற ஓடிபியெல்லாம் சத்தமில்லாமல் மோசடிக்காரனுக்குப் போகும். யாரிடமும் எதையும் சொல்லாமலே பணம் காலியாகும். ஐகானை ஒளித்துக்கொள்வதும் அதன் வேலைதான்.

இணையத்தைத் துண்டித்து, சிம்மை வேறு போனுக்கு மாற்றி, பணம் போகாவிட்டாலும் வங்கிக்குச் சொல்லி யுபிஐ பதிவையும் நெட்பேங்கிங்கையும் முடக்குங்கள். வந்த மெசேஜையும் பைலின் பெயரையும் படமெடுத்து வையுங்கள். பிறகு போனை சேப் மோடில் திறங்கள்: பவர் ஆஃப் என்று காட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பல ஆண்ட்ராய்டு போன்களில் கேட்கும். செட்டிங்ஸில் ஆப்களின் முழுப் பட்டியலில் தேடுங்கள். அன்இன்ஸ்டால் மங்கலாக இருந்தால், அக்ஸசிபிலிட்டியிலும் டிவைஸ் அட்மின் ஆப்களிலும் அதன் பெயருக்கு எதிரே இருப்பதை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். இத்தோடு விடாதீர்கள். போட்டோக்களை மட்டும் எடுத்துக்கொண்டு பேக்டரி ரீசெட் செய்வதுதான் நல்லது. ஏபிகே பைலும் கூடவே பேக்கப்பில் ஏறிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள். இதே போனில் மாற்றினால் புதியதும் அவனுக்கே போகும். சொந்தக்காரர்களுக்கு மெசேஜ் போடாமல் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அந்த நம்பரிலிருந்து வரும் மெசேஜை இப்போது யார் நம்புவார்கள்?

நிஜ சலானைப் பார்க்க பெங்களூரு டிராபிக் போலீஸின் அஸ்த்ரம் ஆப்போ, இ-சலான் பரிவாஹன் தளமோ போதும்.

கேள்வி (எலெக்ட்ரானிக் சிட்டி): ஆபீஸ் லாகின் பக்கம் போலவே இருந்தது. பாஸ்வேர்டு போட்டு, ஆத்தென்டிகேட்டரிலும் (லாகினை உறுதி செய்யும் போன் ஆப்) அனுமதித்துவிட்டேன். பாஸ்வேர்டை உடனே மாற்றினேன். போதுமா?

பதில்: போதாது. அந்தப் போலிப் பக்கம் நடுவில் நின்று, நீங்கள் உள்ளே நுழைந்ததும் கிடைக்கும் செஷன் குக்கியை (நீங்கள் லாகின் ஆனவர் என்று தளத்துக்குக் காட்டும் அடையாளச் சீட்டு) பிடித்திருக்கலாம். அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். எல்லா சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். ஆத்தென்டிகேட்டர் பட்டியலில் உங்களுடையது அல்லாத போன் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மெயில் ரூல்ஸையும் திறந்து பாருங்கள்: "இன்வாய்ஸ்" என்று வரும் மெயிலெல்லாம் வெளியே போகும்படியோ, நேரே குப்பைக்குப் போகும்படியோ ஒரு ரூல் இருக்கலாம். வெட்கப்படாமல் செக்யூரிட்டி டீமிடம் சொல்லுங்கள். இப்படிப்பட்ட ஊடுருவல்களை 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது நிறுவனங்களுக்கு 2022-இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இட்ட உத்தரவு. நீங்கள் தாமதித்தால் அவர்களுக்கும் தாமதம். பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் சாதனமே சாவியாக இருக்கும் பாஸ்கீ வசதி இருந்தால் மாறிவிடுங்கள். அது அசல் முகவரியில் மட்டுமே வேலை செய்யும், போலிப் பக்கம் கேட்டாலும் கொடுக்காது.

கேள்வி (பெல்லந்தூர்): கூரியர்காரர் வழி தெரியவில்லை என்று 401-இல் தொடங்கும் ஒரு கோடை டயல் செய்யச் சொன்னார். செய்தேன்.

பதில்: அது உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறு நம்பருக்குத் திருப்பும் கால் பார்வர்டிங் கோடு. குரல் வழியாக ஓடிபி சொல்லும் அழைப்புகள் இனி அவனுக்குப் போகும். வாட்ஸ்அப் கணக்கை அப்படித்தான் தூக்குகிறார்கள். உடனே ##002# டயல் செய்து ரத்து செய்யுங்கள். பிறகு *#21# போட்டு அழைப்புகள் இன்னும் திருப்பப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பின் ஆறு இலக்கப் பின்னை வைத்து, லிங்க்டு டிவைசஸில் தெரியாததை வெளியேற்றுங்கள்.

கேள்வி (சிவாஜிநகர்): பழைய சோபா விற்கிறேன். வாங்குபவர் கியூஆர் அனுப்பி, ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்கிறார்.

பதில்: வராது, போகும். யுபிஐ பின் கேட்டாலே பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். பேலன்ஸ் பார்ப்பது மட்டும் விதிவிலக்கு.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): தனியாக இருக்கும் அம்மாவுக்கு முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

பதில்: யுபிஐயைப் பென்ஷன் கணக்கிலிருந்து பிரித்துவிடுங்கள். ஐந்தாயிரம் மட்டும் இருக்கும் தனிக் கணக்கு போதும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணையுங்கள். பலர் மறப்பது பிக்சட் டெபாசிட்: நெட்பேங்கிங் மோசடிக்காரன் கைக்குப் போனால் அதை ஆன்லைனிலேயே உடைத்துவிடுவான். கிளையில் கேட்டு அந்த வசதியை நிறுத்த முடியுமா என்று பாருங்கள்.

லிங்க்கைப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள். தொடக்கத்து https://-ஐ விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் வலக்கோடியில் இருப்பதுதான் உண்மையான விலாசம். "வங்கிப்பெயர் டாட் பேங்க் டாட் இன் டாட் கேஒய்சி டாட் டாப்" என்றால் சொந்தக்காரன் "கேஒய்சி டாட் டாப்", முன்னால் இருப்பதெல்லாம் அலங்காரம். இந்திய வங்கிகள் "டாட் பேங்க் டாட் இன்" முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்திருந்தது, எனவே முகவரி அதில் முடிகிறதா என்று பார்க்கப் பழக்கலாம்.

கேள்வி (அல்சூர், மீண்டும்): புகார் கொடுத்த பிறகு ஒருவர் பேசினார். 2,000 ரூபாய் கட்டினால் பணத்தை மீட்டுத் தருவாராம்.

பதில்: அம்மா, ஒரு பைசா அனுப்பாதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை விற்பதும் இவர்கள் தொழில்தான். 1930-க்கோ போலீஸுக்கோ மீட்புக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. அவர் நம்பரை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேக அழைப்புகளைப் புகார் செய்யும் சக்ஷு பகுதியில் ஏற்றுங்கள். உங்கள் புகாரின் விசாரணை அதிகாரிக்கும் ஒப்புகை எண்ணோடு சொல்லிவிடுங்கள்.