பழைய வின்செஸ்டர் சிங்கிள் ஷாட்டை ஏன் வார்மின்ட் ரைஃபிளா மாத்தினாங்க?

அமெரிக்காவுல பண்ணை நிலத்துல பொந்து தோண்டி நாசம் பண்ற வுட்சக்கை (ஒரு பெரிய கொறிவிலங்கு, இந்த மாதிரி தொல்லை பண்ற பிராணிகளைத்தான் வார்மின்ட்னு சொல்வாங்க) தூரத்துல இருந்தே சுட லைட்டான ரைஃபிள் தேவைப்பட்டுச்சு, 1930ல .22 ஹார்னெட் தோட்டா கடைக்கு வந்ததும் ஜான் பிரவுனிங் டிசைன் பண்ண வின்செஸ்டர் 1885ங்கிற இந்த சிங்கிள் ஷாட் (ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடுற) ரைஃபிள் மேல எல்லார் கண்ணும் விழுந்துச்சு, ஏன்னா ஹார்னெட்டோட மூலமான .22 டபிள்யூசிஎஃப் தோட்டாவே அந்தத் துப்பாக்கிக்காக வந்ததுதான்.

பேரலை மாத்தி ஸ்கோப் வச்சா முடிஞ்சுதுன்னு நினைச்சிராதீங்க. பழைய ஃபயரிங் பின் (தோட்டாவோட பின்பக்கத்தைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசி) தடிமன், அது வர்ற ஓட்டையும் பெருசு, புது தோட்டாவோட பிரஷர்ல பிரைமர் (தோட்டா அடியில இருக்குற பத்தவைக்கிற மூடி) அந்த ஓட்டைக்குள்ள பிதுங்கிக் கிழிஞ்சா சூடான வாயு நேரா சுடுறவர் முகத்துக்குத்தான் வரும். அதனால நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) முதல்ல அந்த ஓட்டையை அடைச்சு சின்னதா புது ஓட்டை போட்டு, அதுக்கேத்த மெல்லிசான பின்னும் வைப்பார். இதே மாதிரி மாத்தப் பாக்குற இன்னொரு கம்பெனியோட சிங்கிள் ஷாட்டான ஸ்டீவன்ஸ் 44 இந்த பிரஷருக்குத் தாங்காது, 44½ வேற ரகம், கெட்டியானது. ஒரிஜினல் பேரல் நல்லா இருக்குற துப்பாக்கியை தயவுசெஞ்சு தொடவே தொடாதீங்க, உள்ள அரிச்சுப்போனதை மட்டும் மாத்துங்க.