பென்சிலால் ஏதோ சுழிப்பார்

கேள்வி: வயது 29, ஊர் திருப்பூர். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, பனியன் ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும்) யூனிட்டுகளுக்காக பீஸ் ரேட் (தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற) சம்பளக் கணக்கு ஆப் ஒன்றை 11 மாதமாக உருவாக்கி வருகிறேன். தொடங்கும்போதே அம்மாவின் 8 பவுன் நகையை அடகு வைத்தோம். முடிய இன்னும் 3 மாதம் ஆகும். இப்போதே யூனிட்காரர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாமா, முழுதாக முடித்த பிறகு காட்டலாமா? அரைகுறையாகக் காட்டினால் பெயர் கெட்டுவிடுமோ என்று பயம். அப்பாவே எங்கள் வீட்டு மாடியில் 12 தையல் மெஷின் போட்டு பவர் டேபிள் என்கிற தையல் யூனிட் நடத்துகிறார். சனிக்கிழமை இரவு நோட்டில் கணக்குப் போட்டு, ஓரத்தில் பென்சிலால் ஏதோ சுழிப்பார். அவருக்கு இந்த ஆப் எல்லாம் புரியாது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 'ஏதோ'. சம்பளக் கணக்குக்கு ஆப் எழுதுகிறீர்கள். அந்தக் கணக்கு நோட்டு உங்கள் தலைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. 11 மாதத்தில் ஒருநாள்கூடப் படியேறிப் போய், "அப்பா, இது என்ன குறி?" என்று நீங்கள் கேட்கவில்லை.

தையல் சரியில்லை என்று ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, திரும்பி வந்த பீஸாக இருக்கலாம். நடுவாரத்தில் ஒருவர் வாங்கிய அட்வான்ஸாக இருக்கலாம். ஒரு டெய்லர் பாதியில் எழுந்து போக, இன்னொருவர் முடித்துக் கொடுத்த டஜனைப் பிரித்த கணக்காகவும் இருக்கலாம். எதுவானாலும், அதைச் சுழிக்காமல் உங்கள் அப்பா சம்பளக் கவரை நீட்டுவதில்லை. உங்கள் ஆப்பில் அந்தச் சுழிக்கு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் 3 மாதம் கழித்து நீங்கள் முடித்து வைக்கப்போவது எந்த யூனிட்டுக்கும் ஒத்துவராத ஒரு கணக்கு.

'அவருக்குப் புரியாது' என்று எழுதக் கை எப்படி வந்தது? அந்த நோட்டுதான் உங்களைப் படிக்க வைத்தது. புரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

எப்போது காட்டுவது என்று கேட்டீர்கள். ஆப்புக்கு முதல் வரி புரோகிராம் எழுதுவதற்கு முன்பே போயிருக்க வேண்டும். அது தாண்டிவிட்டது, அதனால் இந்த வாரம். எல்லாவற்றையும் போய்க் கேட்கச் சொல்லவில்லை. பட்டன் எங்கே வைப்பது, ஓடிபி வேண்டுமா என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்யலாம், தப்பானால் அரை நாளில் மாற்றிவிடலாம். எது தப்பானால் 11 மாதமும் வீணோ, அதை முதலில் கேளுங்கள். யூனிட்காரர் நோட்டை விட்டு போனுக்கு வருவாரா? வந்தால் காசு கொடுப்பாரா? இதற்கு ஆப் முடிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

1999-ல் அமெரிக்காவில் நிக் ஸ்வின்மர்ன் என்பவர் இணையத்தில் செருப்பு, ஷூ விற்க நினைத்தார். கிடங்கு கட்டவில்லை, சரக்கும் வாங்கிப் போடவில்லை. உள்ளூர்க் கடைகளுக்குப் போய் ஷூக்களைப் படம் பிடித்துத் தளத்தில் போட்டார். ஆர்டர் வந்ததும் அதே கடையில் விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு ஜோடியிலும் அவருக்கு லாபம் நிற்காது. ஆனால் காலில் போட்டுப் பார்க்காமல் ஜனங்கள் ஷூ வாங்குவார்களா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அதுதான் பிறகு ஸாப்போஸ். 2009-ல் அமேசான் அதை வாங்கியது.

நீங்களும் அப்படிக் கையாலேயே செய்து பாருங்கள். உங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று யூனிட்டாவது இருக்கும். சனிக்கிழமை மாலை ஒருவரிடம் நோட்டை வாங்கி, எக்செலில் நீங்களே அடித்து, ஆளுக்கொரு சம்பளச் சீட்டாக அச்செடுத்துக் கொடுங்கள். நான்கு வாரம் செய்யுங்கள். அப்புறம் மாதம் 300 ரூபாய் கேளுங்கள். கொடுத்தால் மேலே போகலாம். கொடுக்கவில்லையென்றால் அதை அடுத்த வருடம் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது உங்கள் வீட்டுக்கு நல்லது.

ஒன்று கவனம். "ஆப் நல்லாருக்குங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்து, "நல்லாருக்கு தம்பி, பண்ணுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். உங்கள் அப்பாவும் அதைத்தான் சொல்வார், பெற்ற பாசம். "போன வாரம் எந்தக் கணக்கில் தகராறு வந்தது? எப்படித் தீர்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

பெயர் கெட்டுவிடும் என்கிறீர்கள். பெயர் இனிமேல்தானே வரவேண்டும்? இப்போது கெட நிற்பது அம்மாவின் நகை. நகைக்கடனைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திருப்ப வேண்டும். தொடங்கும்போதே வைத்தோம் என்கிறீர்கள். அப்படியானால் கெடு அடுத்த மாதம், உங்கள் ஆப்புக்கோ இன்னும் 3 மாதம். இந்தக் கணக்கை வீட்டில் யாராவது பேசினீர்களா? கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தவருக்கு, எந்தத் தேதி வரை முயற்சி செய்வேன், அதன் பிறகு வேலைக்குப் போய்விடுவேன் என்று சொல்லும் கடமை மகனுக்கு உண்டு. இன்றைக்கே அடகுச் சீட்டை எடுத்துக் கெடுவைப் பாருங்கள், அம்மாவை எதிரில் உட்கார வைத்துத் தேதியைச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை இரவு லேப்டாப்பைக் கீழேயே வைத்துவிட்டு மாடிக்குப் போங்கள். அப்பா கடைசிக் கவரை ஒட்டும் வரை பக்கத்தில் இருங்கள். அந்தச் சுழி என்ன என்று எனக்கும் எழுதுங்கள்.