வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு லட்சம்

கேள்வி: என் மகள் 2025 நீட் தேர்வில் 318 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பிளஸ் டூவில் 600-க்கு 541. நாங்கள் பி.சி. பிரிவு, அவள் படித்தது தனியார் பள்ளி. "தகுதி பெற்றுவிட்டாளே, அப்புறம் ஏன் சீட் கிடைக்காது?" என்கிறார் கணவர். தெரிந்தவர் மூலம் வந்த ஏஜென்ட், வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சீட் தயாராக இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு லட்சம் முன்பணம் கட்டுங்கள் என்று அவசரப்படுத்துகிறார். நிலத்தை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மகளோ இன்னொரு வருடம் எழுதிப் பார்க்கிறேன் என்கிறாள். ரிசல்ட் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. அவளே போட்ட மார்க் கணக்கை இதோடு அனுப்பியிருக்கிறேன். - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

வெள்ளிக்கிழமை பணம் கட்டாதீர்கள். நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மகள் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்பதைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். இன்றைக்கே அவள் பக்கத்தில் உட்காருங்கள். மார்க் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். அப்படி ஆகாது, பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். ஆமாம் என்றாலோ, பதிலே சொல்லாமல் அழுதாலோ அவளைத் தனியே விடாதீர்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தமிழக அரசின் 104, மத்திய அரசின் 14416 இரண்டுமே ஆலோசனைக்கான இலவச எண்கள். நீங்களும் பேசலாம், அவளும் பேசலாம்.

சரி, கணவரின் கேள்விக்கு வருவோம். 2025-ல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 113. ஆக 720-க்கு 113 எடுத்த பிள்ளையும் 'தகுதி' பெற்றவர்தான். இப்படி நாடு முழுக்கத் தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். இடங்களோ எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்துச் சுமார் 1.2 லட்சம். தகுதி என்பது கவுன்சலிங் வரிசையில் நிற்க ஒரு டோக்கன், அவ்வளவுதான். உங்கள் பிரிவில், 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இல்லாத நிலையில் (அது ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு), 318-க்கு அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்காது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கிடைக்கலாம். அங்கே பலவற்றில் படிப்பு முடியும்போது செலவு ஒரு கோடியைத் தாண்டிவிடும். நிலத்தை விற்க யோசிக்கும் குடும்பத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த மார்க்கோடு இவளை ஒப்பிடாதீர்கள். 2024-ல் 720-க்கு 720 வாங்கியவர்களே கூட்டமாக இருந்தார்கள். 2025-ல் முதலிடமே 686. இயற்பியல் அந்த அளவுக்குப் பிள்ளைகளைப் படுத்தி எடுத்தது. வருடத்துக்கு வருடம் ஒப்பிட ரேங்க்கைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தத் துண்டுத்தாள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அதுதான். ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் விடைக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாக எண்ணியிருக்கிறாள். உயிரியலில் 62 சரி, 20 தவறு, ஆக 228. வேதியியலில் 19 சரி, 16 தவறு, 60. இயற்பியலில் 15 சரி, 30 தவறு, 30. அந்த மூன்றாவது வரிக்குக் கீழே மட்டும் பேனாவை அழுத்தி இரண்டு கோடு. "நெகட்டிவ் மார்க்கில் போச்சு" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

நெகட்டிவ் மார்க்கில் போகவில்லை. கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு கேள்விக்கு நான்கு விடைகள். சரியானால் 4, தவறினால் 1 போகும். ஒன்றும் படிக்காதவர் கண்ணை மூடிக்கொண்டு இயற்பியலின் 45 கேள்விக்கும் கறுப்படித்தால் சராசரியாக 11 சரியாக விழும். 44 மார்க் வரும், 34 போகும், கையில் 10 நிற்கும். இவள் 45-ஐயும் அடித்ததில் சரியானது 15. குருட்டு அடியை விட நான்குதான் கூடுதல். அதாவது பிளஸ் டூவில் 541 எடுத்த பெண்ணுக்கு இயற்பியல் ஏறக்குறைய தெரியவே தெரியாது. இது அவள் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு ஓட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தும் பள்ளிகள் நம் ஊரில் நிறைய. நீட்டில் இயக்கவியல், வெப்பவியல் என்று பாதிக்குப் பாதி பிளஸ் ஒன்னிலிருந்துதான் வரும். அவள் பள்ளியில் அதை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அதே தாளில் உயிரியலையும் பாருங்கள். 82 கேள்வி எழுதி 62 சரி. தானாகப் படித்து வரக்கூடிய பிள்ளையின் கணக்கு அது. அதனால் இன்னொரு வருடம் எழுதட்டும் என்றே சொல்வேன். நீட்டுக்கு இத்தனை தடவைதான் என்ற வரம்பு கிடையாது, மேல் வயது வரம்பும் 2022-ல் போய்விட்டது. ஆனால் இவளுக்கு நான் சொல்வது ஒரே ஒரு வருடம். அந்த வருடத்தில் பாதி இயற்பியலுக்கு. ஏற்கெனவே வரும் உயிரியலையே மறுபடி படித்துத் திருப்திப்படுவது ரிப்பீட்டர்கள் வழக்கமாகச் செய்வது. டிசம்பரில் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதட்டும். இயற்பியலில் 25 சரியாக வரவில்லை என்றால் அன்றைக்கே மாற்று வழியைப் பேச வேண்டியதுதான். கோச்சிங் சென்டர் தேடும்போது சுவரில் தொங்கும் டாப்பர் படங்களை விடுங்கள். 300 மார்க்கோடு வந்த பிள்ளைகள் எத்தனையில் வெளியே போனார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்புகிற இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

ஏஜென்ட் விஷயம். வெளிநாட்டுப் படிப்பே மோசம் என்று நான் சொல்லவில்லை, நன்றாகப் படித்துத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவருடைய வெள்ளிக்கிழமையைத்தான் நான் நம்பவில்லை. வெளிநாட்டில் சேர இந்த நீட் தகுதி மூன்று வருடம் செல்லும். அடுத்த வருடமும் அந்தக் கதவு திறந்தேதான் இருக்கும். அப்படியே போவதானாலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளை அவர் முன்னால் வைத்துப் பேசுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம், ஒரே கல்லூரியில், ஆங்கிலத்தில். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி. அந்த நாட்டிலேயே டாக்டராகத் தொழில் செய்யும் உரிமம் கிடைக்க வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் பல ஏஜென்டுகள் நழுவுவார்கள். எழுத்தில் கேளுங்கள்.

திரும்பி வந்த பிறகு, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. என்று 300 கேள்வித் தேர்வு. 150 எடுத்தால் பாஸ். சமீபத்தில் நடந்த பல எஃப்.எம்.ஜி.இ. தேர்வுகளில், எழுதியவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறவில்லை. அதற்குப் பிறகு இங்கே ஒரு வருடப் பயிற்சி. எல்லாம் சேர்ந்தால் ஏழெட்டு வருடம். நீட்டுக்குப் பயந்து வெளிநாடு போகிறவர், அங்கிருந்து வந்து இன்னொரு நீட் எழுதுகிறார்.

மாற்று வழிகளும் உண்டு. பி.எஸ்ஸி. நர்சிங்குக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் இங்கே பிளஸ் டூ மார்க் போதும், பின்னதற்குப் போட்டி கடுமை. சித்த மருத்துவத்துக்கு இந்த நீட் மார்க்கோடே விண்ணப்பிக்கலாம். எதையும் "அது கிடைக்கலைன்னா இது" என்று அவள் முன்னால் பேசாதீர்கள்.

பதிலை அவளிடமே காட்டலாம், அந்தத் தாளையும் திருப்பிக் கொடுங்கள். இயற்பியலில் சரியான அந்தப் பதினைந்தில் எத்தனை தெரிந்து போட்டது, எத்தனை குருட்டு அடி என்று அவளே ஒரு டிக் போட்டுப் பார்க்கட்டும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.