இன்னொரு மூட்டை பொட்டாஷ் போட்டால் சர்க்கரை ஏறுமா?

கேள்வி: செம்மண்ணில் கோ 86032 கரும்பு, எட்டு மாதம், சொட்டுநீர். ஏக்கருக்கு நான்கு மூட்டை பொட்டாஷ் கொடுத்துவிட்டேன். பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பைக் காட்டும் அளவு) 14-ஐத் தாண்டவில்லை. அடித்தோகையில் நரம்புகளுக்கு நடுவே துருப்போலச் சிவப்புப் புள்ளிகள். கடைக்காரர் இன்னொரு மூட்டை பொட்டாஷும் சர்க்கரை ஏற்றும் டானிக்கும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு விவசாயி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: இரண்டும் வேண்டாம். எட்டாம் மாதத்தில் 14 என்பது பயப்படும் அளவே இல்லை. அடிக்கணுவிலும் நுனிக்கணுவிலும் பிரிக்ஸ் அளவு நெருங்கி வரும்போதுதான் கரும்பு முற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அந்தப் புள்ளியைப் பற்றி. விரலால் தேய்த்துப் பாருங்கள். பழுப்புப் பொடி ஒட்டினால் துரு நோய். ஒட்டாவிட்டால் மக்னீசியம் பற்றாக்குறை என்றே சந்தேகப்படுவேன். பொட்டாஷ் குறைந்திருந்தால் தோகையின் நுனியும் ஓரமும் கருகும், நடுநரம்பின் மேற்புறம் சிவக்கும்.

செல்லுக்குள் சர்க்கரையைச் சிதைத்துச் சக்தி எடுக்கும் பைருவேட் கைனேஸ் நொதிக்குப் பொட்டாஷில் இருக்கும் பொட்டாசியம் அயனி வேண்டும், சரி. அதே நொதிக்கு மக்னீசியமும் வேண்டும். செல்லின் சக்தி நாணயமான ஏடிபியும் பெரும்பாலும் மக்னீசியம் ஒட்டிய நிலையில்தான் செலவாகும். தோகையில் உருவான சர்க்கரையைத் தண்டுக்கு அனுப்பவும் இந்தச் சக்திதான் வேண்டும். மக்னீசியம் குறைந்தால் சர்க்கரை தோகையிலேயே தேங்கிவிடும்.

நீங்கள் போட்ட நான்கு மூட்டையில் சாம்பல் சத்து (பொட்டாஷ் சத்து) மட்டும் 120 கிலோ. பொட்டாசியம் மிகுந்தால் வேர் மக்னீசியத்தை எடுப்பது குறையும். இன்னொரு மூட்டை போட்டால் இந்தப் புள்ளிதான் அதிகமாகும். ஆலைக்கும் அது நல்லதல்ல: சாற்றில் பொட்டாசியம் கூடினால் சர்க்கரை படிகமாகாமல் மொலாசஸ் என்ற கழிவுப்பாகில் போய்விடும். மூட்டை விற்பவர் இதையெல்லாம் சொல்லமாட்டார். என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று லேபிளில் எழுதாத டானிக்கை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அந்தக் காசில் மண் பரிசோதனை செய்யுங்கள். மக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் பார்ப்பதில்லை.

இப்போதைக்கு மக்னீசியம் சல்பேட்டை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, கை எட்டும் ஓரவரிசையில் மட்டும் தெளித்துப் பாருங்கள். தெளிக்காத வரிசைகளைப் போல மேல்தோகைகளுக்குப் புள்ளி பரவாவிட்டால் மற்ற வரிசைகளுக்குச் சொட்டுநீரில் விடலாம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தோடு ஒரே தொட்டியில் கலக்காதீர்கள், படிந்து குழாயை அடைத்துவிடும். அப்புறம், யூரியா இனி ஒரு பிடிகூட வேண்டாம். இந்த வயதில் தழைச்சத்து கொடுத்தால் கரும்பு முற்றாமல் மறுபடி வளரத் தொடங்கிவிடும்.